ஜெப நோட்டில் ஒரு பெயரை எழுதும் முன்

பாளையங்கோட்டையில் நான் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 2021 மே மாதம் எங்கள் சபைப் பெண்கள் சிலரோடு ஒரு காலை ஜெபக்குழு தொடங்கி, கிட்டத்தட்ட மூன்று வருடம் தனி ஆளாக இழுத்துக்கொண்டு போனேன். நல்லது நிறைய நடந்தது. ஆனால் என் கவனக்குறைவால் ஒரு குடும்பம் தலைகுனிந்து நின்றது. என் சேமிப்பும் உடம்பும் சேர்ந்து போயின. தொடங்கும்போதே யாராவது என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதியைத் தவிர்த்திருக்கலாம். இப்போது பக்கத்துச் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) இரண்டு பேர் இதேபோல் தினசரி ஜெபம் தொடங்கப் போவதாக வந்து கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலை நேரம். எங்கள் கோவில், அதாவது சர்ச், பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அண்ணனுக்கு மூச்சுத்திணறல் வந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மதினி இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் தனியாக இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கோவிலும் பூட்டியாச்சு, எங்களுக்காக ஜெபிக்க ஒரு ஆளும் இல்லாத மாதிரி இருக்கு" என்றார்கள். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஆறு பெண்கள் கான்ஃபரன்ஸ் காலில் சேர்ந்தோம். பாட்டெல்லாம் இல்லை. ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். முந்தின நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் சொன்ன ஆக்சிஜன் அளவை மதினி சொல்வார்கள். 84. அடுத்த நாள் 86. அதற்கடுத்த நாள் 81. நான் அந்த எண்களை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்தேன். 81 என்று சொன்ன அன்று ஒருவருக்கும் ஜெபிக்க வாய் வரவில்லை. போனில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பதினேழாவது நாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நோட்டு இன்றைக்கும் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது.

எனக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. அம்மா பிறந்தது சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். 1799-இல் உண்டான முதலூர் தொடங்கி, எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்கள் பலவும் கோவில் மணியைச் சுற்றி வளர்ந்தவை. சாயங்காலம் மணி அடித்தால் வேலை முடித்த கையோடு ஆட்கள் கோவிலுக்கு வருவார்கள். சபை ஊழியர் வேதம் வாசித்துவிட்டு, "மேலத்தெருவில் பாட்டிக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், நினைச்சுக்கிடுங்க" என்பார். ஜெபம் முடிந்ததும் இரண்டு பெண்கள் நேரே அந்த வீட்டுக்குப் போவார்கள், ஒருத்தர் கையில் கஞ்சி இருக்கும். சின்ன வயதில் எனக்கு ஜெபம் வேறு, கஞ்சி வேறு என்று தோன்றியதே இல்லை. போனில் ஜெபக்குழு நடத்தியபோது நான் தொலைத்தது இதைத்தான். அது புரியவே எனக்கு மூன்று வருடம் ஆனது.

அண்ணன் பிழைத்த செய்தி பரவியதும் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வாட்ஸப் குழு, பிறகு கூகுள் மீட். நான்கு மாதத்தில் 140 பேர். துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜெபக் குறிப்புகள் வந்தன. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பெயர்கள். நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுபது பெயரை வாசிக்கவே நேரம் சரியாக இருந்தது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, கடைசியில் "இவர்கள் எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று முடித்துவிடுவோம். ஒரு நாள் ஒரு தாத்தாவின் சுகத்துக்காக ஜெபித்து முடித்ததும், "அக்கா, அவரை அடக்கம்பண்ணி ஒன்பது நாளாச்சு" என்று அவருடைய பேத்தி மெதுவாகச் சொன்னாள். பட்டியலில் பெயர் இருந்தது. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனவே தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு நாளைக்கு எத்தனை பெயர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது ஏழு பெயர்தான் எடுக்கிறோம். மற்ற பெயர்களை வாரத்தின் வேறு நாட்களுக்குப் பிரித்துவிடுகிறோம். நோட்டில் பெயருக்கு நேராக மூன்று கட்டம். குறிப்பு வந்த தேதி, யார் சொன்னது, திரும்ப எப்போது விசாரிக்க வேண்டும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வதில்லை. விசாரிக்க ஒரு ஆள் முன்வந்த பிறகுதான் பெயர் ஏறும். கேட்கக் கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் ஒன்பது நாளைக்கு முன் இறந்தவருக்குச் சுகம் கேட்டு நின்ற காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கு இன்னொரு ஆசை வந்தது. மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையாரைப் பற்றி எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், ஒரு பிரசங்கத்தில் சொன்னார். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1727 ஆகஸ்ட் 27 அன்று 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணி, இரவும் பகலும் விடாத ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. 140 பேர் இருக்கிறோமே, நம்மால் முடியாதா என்று 24 மணி நேரச் சங்கிலி ஜெபம் அறிவித்துவிட்டேன்.

காலை ஐந்திலிருந்து எட்டு வரை பெயர் கொடுக்க அடிதடி. ராத்திரி ஒரு மணி முதல் நான்கு வரை ஆள் இல்லை. அறிவித்துவிட்டோமே என்று அந்த மூன்று மணி நேரத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நினைத்தது ஐந்து மாதம் போனது. ஹெர்ன்ஹூட்டில் எல்லாரும் ஒரே ஊரில் ஒன்றாக வாழ்ந்தவர்கள், ஒரே ஆராதனை. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பதுதான் அவர்கள் செய்ததன் உயிர். நான் அதை ஒரு ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று ஆக்கிவிட்டு அதே ஜெபம் என்று நம்பினேன். பகலில் மெஷினில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஜாக்கெட் 31 எண்ணம் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. இரண்டு பட்டுத்துணியை வெட்டும்போது கெடுத்து, புதுத்துணி வாங்கிக் கொடுத்தேன். வழக்கமாக வரும் பள்ளிக்கூடச் சீருடை வேலையும் கைவிட்டுப் போனது. கூட்டிப் பார்த்தால் அந்தச் சீசனில் மட்டும் 40,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். பிப்ரவரியில் மயங்கி விழுந்தபோதுதான் எனக்குச் சர்க்கரை 340 இருப்பது தெரிந்தது.

யாத்திராகமத்தில், யுத்தம் நடக்கும்போது உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்கினார்கள். அதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள். இந்தக் கல்லை நான் பல வருடம் வாசித்தும் கவனித்ததில்லை. ஆரம்பித்தவர் தினமும் நடத்தக் கூடாது. எங்களிடம் இப்போது நடத்துபவர்கள் நான்கு பேர், எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மொத்தம் 25 நிமிடம். ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்பதில்லை, சுகமாக இருக்கிறார்களா என்று மட்டும் விசாரிப்போம்.

அடுத்து எழுதப்போவது எழுதக் கஷ்டமானது. 2022-இல் எங்கள் சபையில் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது, அடுத்த மாதம் கோவிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பதின்வயதில் வலிப்பு வந்து, மாத்திரையில் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தைரியம் கிடைக்க ஜெபம் பண்ணும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அன்று ராத்திரி குழுவில் போட்டேன். பெயர் போடவில்லை. "நம் சபையில் திருமணம் நிச்சயமான ஒரு சகோதரி, வலிப்பு நோயிலிருந்து பூரண விடுதலை பெற" என்று எழுதினேன். பெயர் போடாததால் ரகசியம் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அந்த மாதம் எங்கள் சபையில் நிச்சயமான பெண் அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் அந்த வரி மாப்பிள்ளையின் அத்தை போனுக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பம் தாங்களே சொல்லியிருந்தால் ஒருவேளை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஊரார் மூலம் தெரிந்ததால் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று ஆகிவிட்டது. கல்யாணம் நின்றது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்கள். "ஜெபிக்கத்தானே சொன்னேன், ஊருக்குச் சொல்லவா சொன்னேன்?" என்றார்கள். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஒரே துப்பட்டாவைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்களிடம் ஜெபிக்கச் சொன்னால் அது உங்கள் ஒருவரிடம் சொன்னது. அதைக் குழுவுக்குக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை கிடையாது. கேட்க வேண்டும். "அக்கா, இதை நான் மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா, குழுவில் சொல்லலாமா? சொன்னால் எந்த அளவுக்குச் சொல்லட்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் "நீ மட்டும் ஜெபி" என்பார்கள். அது போதும். நோயின் பெயர், கடன் தொகை, புருஷன் பெண்சாதி சண்டை, பிள்ளையில்லாத வருத்தம், இவை எதையும் எழுத்தில் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரின் போட்டோ வேண்டவே வேண்டாம். கர்த்தருக்கு விவரம் தெரியும், அவருக்குப் போட்டோ தேவையில்லை. எங்கள் குழுவில் இப்போது குறிப்புகளை எழுதி அனுப்புவதே கிடையாது. காலையில் வாயால் சொல்வோம், முடிந்ததும் முடிந்தது. வாட்ஸப்பில் "நாளை 5 மணி" என்பது மட்டும்தான் வரும்.

பணம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைக்கு இருதய ஆபரேஷன், உடனே உதவுங்கள் என்று படத்தோடு ஒரு செய்தி வந்தது. ஜெபித்துவிட்டு அப்படியே காணிக்கை சேர்த்தோம். என் பங்கு 12,000 உட்பட 46,500 ரூபாய். அனுப்பிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டால் அப்படி ஒரு குழந்தையே அங்கே இல்லை. மற்றவர்கள் கொடுத்த 34,500-ஐயும் நான் சீட்டு எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் வேண்டாம் என்றார்கள், ஆனால் என் வார்த்தையை நம்பித்தானே கொடுத்தார்கள். இப்போதெல்லாம் எங்களில் ஒருவர் நேரில் பார்க்காத தேவைக்குப் பணம் சேர்ப்பதில்லை. தூரத்து ஊர் என்றால் அந்த ஊர்ச் சபையில் யாரையாவது பார்த்துவரச் சொல்வோம். பணத்தை ஆளின் கணக்குக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் பில்லுக்கு நேராகக் கட்டுவோம். அதற்கு முன்னால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்போம். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை அதில் கிடைக்கும். அட்டை எடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போவது அரை நாள் வேலை. அந்த அரை நாள், நாங்கள் சேர்க்கும் காணிக்கையைவிடப் பலருக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கிறது. "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறாரே, அந்த வசனம் ஜெபக்குழு நடத்துகிறவர்களுக்கென்றே எழுதினது போல இருக்கும் எனக்கு.

ஜெபித்தும் நடக்காதவற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. ஒரு தம்பி, மனைவிக்குப் புற்றுநோய். பதினொரு மாதம் ஒரு நாள் விடாமல் ஜெபித்தோம். அவள் இறந்துபோனாள். அடக்க ஆராதனை முடிந்து வரும்போது எங்கள் குழுவில் ஒரு சகோதரி அந்தத் தம்பியிடம், "எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயடைத்து நின்றேன், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்குக் கனமாகவே இருக்கிறது. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவு பகல் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் அன்று பேசாமல் நின்றதற்காக மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எல்லாரும் அஞ்சு மணிக்கு அவ பேரைச் சொல்றதை அவ ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பா அக்கா. அதுக்குன்னே முழிச்சிருப்பா" என்றான். நாங்கள் சுகம் கேட்டுக்கொண்டிருந்தோம். அவளோ தன் பெயரைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதனால் இப்போது சில விஷயங்களை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். மருந்தை நிறுத்தச் சொல்லவோ, குறைக்கச் சொல்லவோ யாருக்கும் அனுமதி இல்லை. "கர்த்தர் எனக்குக் காட்டினார், நீங்கள் சுகமாகிவிட்டீர்கள்" என்று எங்கள் குழுவில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. இறந்தவர் வீட்டில் காரணம் பேசக் கூடாது. இறந்தவரின் பெயருக்குப் பதிலாக அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதி, இன்னும் ஒரு வருடம் வைத்திருப்போம். யாராவது உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று பேசினால், ஜெபித்துவிட்டுப் போனை வைப்பதில்லை. ஒருவர் அவர்கள் வீட்டுக்கே போவார், இன்னொருவர் அரசாங்கத்தின் 14416 மனநல உதவி எண்ணுக்குப் பேசவைப்பார். அப்படி ஒரு ராத்திரி எங்களுக்கு வந்தது, அந்தப் பெண் இன்று நன்றாக இருக்கிறாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

2024 தொடக்கத்தில் 140 பேர் குழுவை மூடினேன். சிலருக்கு வருத்தம். சிலர் நான் பின்வாங்கிப்போனதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் நான் ஒருத்தியாகத்தான் ஜெபித்தேன், பல நாள் அதுவும் இல்லை. அப்புறம் எதிர்வீட்டு மதினிதான் ஒரு நாள் காலையில் கேட்டைத் தட்டினார்கள். "அன்னைக்கு ஆறு பேர் இருந்தோம்லா, அதே ஆறு பேர் போதும்" என்றார்கள். இப்போது பதினொரு பேர் இருக்கிறோம், எல்லாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்துபோகும் தூரத்தில். அதில் ஒரு ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு சரியாக வராது. அவர்களிடம் பட்டன் போன்தான், தனியாகக் கூப்பிட்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் கட்டில் சட்டத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஆச்சியின் ஆமென் அதுதான். அந்தத் தட்டுச் சத்தம் கேட்காமல் அடுத்த பெயருக்குப் போவதில்லை.

பிடி அரிசியையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம். எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். காலையில் எந்தப் பெயருக்காக ஜெபித்தோமோ அந்தப் பெயரை நினைத்துக்கொண்டு மத்தியானம் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறோம். போன மாதம் பதினொரு வீட்டிலும் சேர்த்து 17 கிலோ வந்தது. இந்த மாதம் அது குலவணிகர்புரம் பக்கம் ஒரு வீட்டுக்கு. அப்பா கட்டட வேலையில் கீழே விழுந்து காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், அவர்கள் நம் சபையும் இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்துப்போக வேண்டும். மதினியின் மகன் ஸ்கூட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.